நான் வெட்டி எறிந்த குரல்

அந்தக் கேசட்டின் மூலையில் சின்னதாக ஒரு மேடு இருக்கும். நம் ஊர்க் கேசட்டுகளில் அது கிடையாது. பேண்டு மாஸ்டர் கேசட்டைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் அந்த மேட்டைத்தான் முதலில் தடவுவார். சர்க்கரை வியாதி அவருடைய கண் பார்வையை முக்கால்வாசி தின்றுவிட்டிருந்தது. விரலில் மேடு பட்டதும் முகம் மலர்ந்துவிடும். "புள்ள அனுப்ச்சிகீறான்" என்று கடையில் நிற்கிற எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். அப்புறம்தான் என்னிடம் நீட்டுவார்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் ஓ.டி.யில் எனக்கு ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள், வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பேன். அப்படிப்பட்ட கடை தெருவுக்குத் தெரு இருந்தது. என் கடைக்கு மட்டும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பையன்கள் சைக்கிள் மிதித்து வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் நான் இல்லை, மாஸ்டர். கல்யாணம், மாதா தேர், சாவு என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் நாற்பது வருஷம் டிரம்பெட் ஊதியவர் அவர். ஊதாமல் ஒருவரையும் மண்ணுக்கு அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். மனைவி காலமாகிவிட்டாள். மகள் எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். மகன் சரக்குக் கப்பலில் சமையலுக்குப் போயிருந்தான். என் வயதுதான். நான் அவனை ஒரு தடவைகூட நேரில் பார்த்தது கிடையாது.

அவனுடைய கப்பல் அடிக்கடி இங்கிலாந்துத் துறைமுகங்களுக்குப் போகும். அங்கே பெரிய கம்பெனி எதுவும் சீண்டாத சின்னச் சின்னக் கோஷ்டிகள் உண்டாம். தாங்களே பாடி, தாங்களே கேசட்டு போட்டு, கையால் அட்டை ஒட்டி விற்பார்கள். ஒரு வகைக்கு ஸ்கா என்று பேர். கிட்டார் தாளத்தின் இடுக்கில் வெட்டி வெட்டி விழும், மேலே டிரம்பெட்டும் டிரோம்போனும் துள்ளும். இன்னொரு வகை பங்க். அதில் ஆத்திரம்தான் ராகம். மகனுக்குப் பிடித்தது பங்க், அப்பாவுக்காக அவன் தேடியது ஸ்கா. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, புதிதாக வந்தவற்றில் நல்லதாகப் பொறுக்கி ஒரே கேசட்டில் பதிந்து அனுப்புவான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவனே பேசுவான். இது யார், எந்த ஊர், டிரம்பெட்காரன் எப்படி, எந்த இடத்தில் காதைக் கூர்மையாக்க வேண்டும் என்றெல்லாம்.

மாஸ்டர் வாயில் அந்த இங்கிலீஷ் பேர்கள் நுழையாது. அவரே பேர் வைத்துவிடுவார். மூக்கால் பாடுகிறவன் 'சளி புடிச்சவன்'. ஆறேழு பேர் ஒன்றாக ஊதுகிற குழு 'கல்யாண கோஷ்டி'. அந்தப் பேர்களைத்தான் நான் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதிவைப்பேன். பாலிடெக்னிக் பையன்கள் வந்து, சளி புடிச்சவன் புதுசு இருக்கா என்று கேட்பார்கள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து சிபாரிசு செய்வார். பொய் சொல்லவே மாட்டார். "இத்த வாணாம் நைனா, ஊதறவனுக்கு மூச்சு பத்தல" என்று என் வியாபாரத்தில் மண்ணைப் போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிப்பார்.

பையன்களுக்குப் பாட்டுதான் வேண்டும். நடுவில் யாரோ ஒருவன் தன் அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பது எதற்கு? ஆகவே பாட்டை மட்டும் என் கேசட்டுக்கு மாற்றிக்கொள்வேன், பேச்சை வெட்டிவிடுவேன். வெட்டுவதென்றால் சும்மா இல்லை. பேச்சு எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று நூல் பிடித்த மாதிரி தெரிய வேண்டும். அதனால் அவன் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். ஒவ்வொரு பாட்டின் பேரையும் சொல்வதற்கு முன்னால் அவன் மூச்சை லேசாக உள்ளே இழுப்பான். முடிக்கும்போது கடைசி வார்த்தையை விழுங்குவான். பின்னால் எப்போதும் கப்பலின் உறுமல் கேட்டபடி இருக்கும். முகம் தெரியாத ஒருவனை நான் அந்த அளவுக்கு அறிந்திருந்தேன், அவனை வெட்டி எறிவதற்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா தனியாகக் கடைக்கு வந்தாள். மாஸ்டரைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தாள். கையிலிருந்த கடிதம் அவள் வேலை செய்கிற கம்பெனி விலாசத்துக்கு வந்தது. மகன் கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை. கடிதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவனுடைய டிரங்குப் பெட்டியும் வந்துவிட்டது, அதை ஒரு தோழி வீட்டில் வைத்திருக்கிறாளாம்.

"இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னே இருந்துட்டேன் தம்பி. தெனமும் கேக்கறாரு, கேசட்டு வந்துச்சானு. சவப்பெட்டி இல்லாம எப்படி நான் அவருகிட்ட சாவு சொல்றது? ஊதறதுக்குக்கூட அவருக்கு ஒண்ணும் இல்லையே."

டிரங்குப் பெட்டியில் அவன் வாங்கிவைத்து, பதிந்து அனுப்ப நேரமில்லாமல் போன புதுக் கேசட்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. கூடவே அவள் பழைய கேசட்டு ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள், அவன் அனுப்பியதில் ஒன்று. மூலையில் மேடு இருக்கிற கேசட்டு இங்கே எங்கும் கிடைக்காது. பழையதை அவர் கேட்பதில்லை, புதிது வந்தால் அதையே தேய்ப்பார், அதனால் அவருடைய கேசட்டுப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தால் தெரியாது என்றாள். இந்தப் பாட்டுகளை அதன்மேல் பதிய வேண்டும், நடுவில் அவன் பேசுவது மாதிரி நான் பேச வேண்டும். உங்களுக்குத்தான் அவன் பேச்சு அத்துப்படி என்றாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

ஞாயிறு வசதியான நாள். எஸ்டேட் ஆலைச் சங்கு ஊதாது. மின்சார ரயில் போகும்போது மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கப்பல் உறுமலுக்கு மேஜை ஃபேனுக்கு முன்னால் காலி பிஸ்கட் டின்னை வைத்தேன். வெளியே சுள்ளென்று வெயில், பக்கத்துக் கடையில் யாரோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்குக்கு முன்னால் மூச்சை லேசாக உள்ளே இழுத்தேன். "அப்பா, இந்த வாட்டி கல்யாண கோஷ்டி புதுசு போட்ருக்காங்கப்பா, ரெண்டு டிரம்பெட்டு" என்றேன். சுவர் ஓரமாக நின்றிருந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் மெதுவா பேசுவான் என்று மட்டும் சொன்னாள்.

மாஸ்டர் நம்பினார். பையன்களுக்குச் சிபாரிசு செய்தார். பலகையில் புதுப் பேர்கள் ஏறின. மாதம் ஒன்றாக நாங்கள் பதிந்தோம். முதல் இரண்டு தடவை நான் நடித்தேன், அது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எழுதிவைத்துப் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. டின்னில் ஃபேன் காற்று உறுமத் தொடங்கினாலே வார்த்தை தானாக வரும். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பி வாசலில் நின்று கதவைத் திறக்கச் சொன்னேன். என் அம்மா உள்ளேயிருந்து யாருப்பா வேணும் என்று கேட்டாள். பெற்றவளே என்னை யாரோ என்று நினைத்துவிட்டாளே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு ஞாயிறு, இங்கிலாந்தில் அவன் கேசட்டு வாங்குகிற கடையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனவன், வாசலில் ஒற்றைக் கண் நாய் ஒன்று படுத்திருக்கும், யார் ஊதினாலும் அது வாலை ஆட்டும் என்று சொல்லிவிட்டேன். அக்கா சட்டென்று ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"அந்த நாயி உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு மட்டும்தான் எழுதியிருந்தான். அப்பாகிட்ட படிச்சிக் காட்டாத, கண்ணு போன நாயினா அவருக்கு மனசு கஷ்டமாப் பூடும்னு எழுதியிருந்தான்."

எனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கே தெரியவில்லை. சத்தியமாக இன்றைக்கும் தெரியாது. நான் வெட்டிய பேச்சில் எங்கேயாவது வந்திருக்கலாம் என்று அவளிடம் சொன்னேன், எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடியும் பதிந்தோம்.

அந்த வருஷக் கடைசியில் மாஸ்டர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. புதுக் கேசட்டை என்னோடு சேர்ந்து கேட்க வேண்டுமாம். மத்தியான வெயில் ஓட்டின் இடுக்கு வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. என் குரல், அதாவது அவன் குரல், டேப்பிலிருந்து பேசியது. அவர் தலையை ஒருக்களித்துக் கேட்டார். துள்ளலான ஒரு ஸ்கா பாட்டு தொடங்கியது. அவர் எழுந்து சுவரைத் தடவி, ஆணியில் மாட்டியிருந்த டிரம்பெட்டை எடுத்தார். கண் போனதிலிருந்து அதை அவர் தொட்டதில்லை. கூடச் சேர்ந்து ஊதப்போகிறார் என்று சந்தோஷப்பட்டேன். அவர் ஊதியது வேறு. வீட்டிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கும்போது ஊதுகிற மெட்டு அது, மெதுவாக, ஒவ்வொரு அடியாக. அந்தப் பாட்டு குதித்துக்கொண்டே இருந்தது, இவர் அதன்மேல் நிதானமாக அதை ஊதிக்கொண்டே இருந்தார், கடைசி வரைக்கும். அக்கா சமையலறை வாசலில் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள்.

ஊதி முடித்து, வாய் வைக்கிற இடத்தை வேட்டியால் துடைத்தார். "நல்ல கோஷ்டி. பசங்களுக்கு சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேசட்டு வந்ததா என்று கேட்டதே இல்லை. நாங்களும் நிறுத்தவில்லை, எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. கொடுத்தால் வாங்கி, மூலையைத் தடவி, மடியில் வைத்துக்கொள்வார். பிள்ளை அனுப்பியிருக்கிறான் என்று மட்டும் சொல்ல மாட்டார். ஏழெட்டு மாதம் கழித்துத் தூக்கத்திலேயே போய்விட்டார். பூந்தமல்லியிலிருந்து அவருடைய பழைய கூட்டாளிகள் நாலு பேர் வந்து ஊதினார்கள்.

இப்போது என் மகளின் செல்போன், உங்களுக்கு இது பிடிக்கலாம் என்று பாட்டுகளை அதுவாகவே காட்டுகிறது. அதற்குக் குரல் கிடையாது, அதில் எனக்கு ஒரு நிம்மதி. சிபாரிசு செய்கிற குரல் என்றாலே அக்கா கூடையோடு கடைக்கு வந்த அந்தக் காலைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. மாஸ்டரை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மேடு வைத்த கேசட்டுகள் எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்து கவுண்டர்மேல் வைத்தாள். இனிமேல் மறைக்க யாரும் இல்லை, என் தம்பி பேசினதை ஒரு தடவை ஆசை தீரக் கேட்க வேண்டும், இதில் எது அவன் பேசினது என்று எடுத்துக் கொடுங்கள் என்றாள்.

மூன்று நாள் கடையைத் திறக்காமல் கேட்டேன். இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், வெற்று நாடா ஓடும் இடத்தில்கூடக் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். பெட்டியின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவன் பேச்சின்மேல் பதிந்தபோது பெட்டி காலியாகிறதே என்று இருவருமே பார்க்கவில்லை. அவள் வந்தபோது உள்ளதைச் சொன்னேன்.

"ஒண்ணுல கூட உங்க தம்பி இல்லக்கா. எல்லாத்துலயும் நான்தான் இருக்கேன்."

அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்க கிட்ட காப்பி இருக்குமேனு நெனச்சிதான தம்பி பழசெல்லாம் நான் குடுத்தேன். ரெக்கார்டிங் கடையாச்சே."

என்னிடம் அவன் பதிந்து அனுப்பிய பாட்டு மொத்தமும் இருந்தது. எந்தக் கோஷ்டி கேட்டாலும் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவன் பேசியது ஒரு வார்த்தைகூட இல்லை. அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. முக்காலியில் உட்கார்ந்து ஒரு கேசட்டின் மூலையைத் தடவினாள். பிறகு எழுந்துபோய் அவளே ஷட்டரைப் பாதி இறக்கினாள். மேஜை ஃபேனைப் போட்டாள். பிஸ்கட் டின்னை எடுத்து அதன் முன்னால் வைத்தாள்.

"அப்பாவுக்குப் பேசினது போதும். எனக்குப் பேசுங்க" என்றாள்.

ரெக்கார்டரை நான் தொடவில்லை. என்ன பேசுவதென்றும் யோசிக்கவில்லை. மூச்சு லேசாக உள்ளே இழுபட்டது.

"அக்கா, சாப்ட்டியா?" என்று அவன் கேட்டான்.

அதுவரை என்னிடம் நீங்க, வாங்க என்றே பேசி வந்தவள், புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"சாப்ட்டேன்டா."