ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திய கொலைகாரன்

அந்த உயரம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சினிமாவில் ஒரு கொசுவைக்கூடக் கொன்றிருக்க மாட்டார். வீட்டுக்குப் பழுது பார்க்க வந்தவர் வாசல் நிலை தலையில் இடிக்காமல் குனிந்து நுழைவதைப் பார்த்த சினிமா டைரக்டர், வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்தார்.

"கோடாலி பிடிப்பீங்களா?"

"ஸ்பேனர்தான் பிடிப்பேன் சார்."

"போதும். முகமூடி போட்டுட்டா எல்லாம் ஒண்ணுதான்."

படத்தின் பெயர் 'ஈரக் கூந்தல் கொலைகள்'. ஆளில்லாத ஒரு விடுதி, அதில் தங்க வரும் கல்லூரிப் பெண்கள், கூடவே சில பையன்கள், ஒரு கொலைகாரன். கொலைகாரனுக்கு யார்மேல் என்ன கோபம் என்பது டைரக்டருக்கே கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் பெண்கள் குளிக்க வேண்டும், ஓட வேண்டும், சமதரையில் தடுக்கி விழ வேண்டும், சாக வேண்டும் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. ரத்தம் என்று ஊற்றிய சர்க்கரைப் பாகில் எறும்பு மொய்த்து, செத்துக் கிடந்த பெண் காலைச் சொறிந்தாள். "உயிர் போற துடிப்பு, இருக்கட்டும்" என்று டைரக்டர் அதையும் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் ஒவ்வொரு கொலை முடிந்ததும் "அடி கிடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டு, துண்டை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பி நிற்பார்.

ஒரு காட்சியில், கடைசிப் பெண் சமையலறை மேசைக்கடியில் ஒளிந்திருக்கிறாள். அவர் கோடாலியோடு வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். வந்தார். ஃப்ரிட்ஜ் கதவு லேசாகத் திறந்திருந்தது. கை தன்பாட்டுக்குப் போய் அதைச் சாத்தியது. ரப்பர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ஓரத்தைத் தடவியும் பார்த்தது. அப்புறம்தான் கேமரா ஓடுவது நினைவு வந்து, அவர் வெளியே நடந்தார். மறுபடி எடுக்க டைரக்டருக்குப் பொறுமையில்லை.

படம் வந்ததும் மெக்கானிக் தன் மனைவியையும் மாமியாரையும் அழைத்துப் போனார்.

"மாப்பிள்ளை எங்கடி?"

"முகமூடி போட்டிருக்கறவர்தாம்மா."

"நல்லாத்தான் இருக்காரு. கல்யாண போட்டோவுலயும் இதையே போட்டிருக்கலாம்."

குளியல் வந்தால் தியேட்டரில் விசில், கோடாலி வந்தால் சிரிப்பு. ஆனால் ஃப்ரிட்ஜ் கதவு மெல்லச் சாத்தப்பட்டபோது மொத்தக் கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டது. தினமும் தன் வீட்டு ஃப்ரிட்ஜைத் தடவும் கட்டைவிரல்தான் என்று தெரிந்தும் மனைவிக்கு முதுகு சில்லிட்டது. ஒரு விமர்சகர் 'தீமையின் குடும்ப முகம்' என்று முழுப் பக்கம் எழுதினார். அந்தக் காட்சிக்காகப் பல மாதம் தவம் கிடந்ததாக டைரக்டர் பேட்டி கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள்: "அந்த ஒரு இடத்துல நிஜமாவே பயந்துட்டேங்க. மத்ததெல்லாம் எரிச்சல்தான். ஆம்பளைங்க ஷூ லேஸ்கூட அவிழாம சாகறாங்க. பொண்ணுங்க மட்டும் ஏன் சோப்பு நுரையோட சாகணும்?"

"கதை அப்படி எழுதியிருக்காங்க..."

"கோடாலியத் தூக்கிட்டுப் போனது நீங்கதானே?"

சுருக்கென்று தைத்தது.

படம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட டைரக்டர் பழக்கூடையோடு வீட்டுக்கே வந்தார். மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வரேன் சார். ஆனா இந்தத் தடவை ஹீரோவும் குளிக்கறப்பதான் சாகணும்."

டைரக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடையைத் தட்டினார். "யாரும் பண்ணாததா இருக்கே!"

இரண்டாம் பாகம் வெளியான அன்று, முதல் காட்சிக்கு ஹீரோவின் ரசிகர்கள் மாலையோடு வந்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக நனைந்து செத்தார்கள். வழக்கம்போல விசில் பறந்தது. பிறகு ஹீரோ இடுப்பில் துண்டோடு ஓடி, சமதரையில் தடுக்கி விழுந்து, கீச்சென்று அலறிச் செத்தார். தியேட்டர் கொதித்துப்போனது. "பண்பாடு நாசமாப் போச்சு!" என்று ஒருவன் கத்தினான். நாற்காலிகள் உடைந்தன, திரை கிழிந்தது. மறுநாள் அதே விமர்சகர் 'தரம் தாழ்ந்த ஆபாசம்' என்று நாலே வரியில் முடித்துக்கொண்டார்.

அந்தக் களேபரத்தில், தன் முகம் யாருக்கும் தெரியாது என்பதே மறந்துபோய், மெக்கானிக் சீட்டுக்குள் உடம்பை மடக்கி ஒளிந்தார். பக்கத்தில் அவர் மனைவி எழுந்து நின்று விசிலடித்துக்கொண்டிருந்தாள்.