ஜூரிக்கு ஆள் சொன்னவன் நான்

நான் கட்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் எழுந்து போயிருப்பீர்கள். ராஜபாளையத்தில் ஒரு பருத்தி அரவை ஆலை. அதற்குத் தண்ணீர் கொடுக்க, பாறைக்கு வெடி வைத்துத் தோண்டிய கிணறு. சொந்தச் சூளையில் சுட்ட செங்கல்லால் எழுப்பிய புகைக்கூண்டு. ஆலையிலிருந்து பெரிய ரஸ்தா வரைக்கும் ஒரு வண்டிப் பாதை; இன்று அதில் நடக்கிற ஒருவருக்காவது அதைப் போட்டது யாரென்று தெரியுமா? பாய்லரைத் தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறக்கி, சாத்தூர் வரை ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து கரிசல் மண்ணில் மாடு பூட்டி இழுத்து வந்தேன். பாதி வழியில் அச்சு முறிந்து கிடந்தபோது, "இரும்புப் பானையை வச்சு என்ன பொங்கப் போறீரு?" என்று சிரித்த ஆட்களையே கூப்பிட்டுத் தள்ள வைத்தேன். படிப்பு மணலில் விரலால் எழுதின படிப்புதான். சொத்து, ஐயா விட்டுப்போன ஒற்றை மாடு.

இத்தனையும் ஒரே கையெழுத்தில் போக இருந்தது. போகாமல் நிறுத்தியது யார் என்பதில் ஊருக்குள் ஒரு கதை ஓடுகிறது. அது தப்பு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது சட்டம் புதுசு புதுசாக முளைத்துக்கொண்டிருந்தது. பாய்லருக்கு ஒரு சட்டம், அதைத் தட்டிப் பார்க்க ஒரு இன்ஸ்பெக்டர். இஞ்சின் ஓட்டுகிறவனுக்கு சர்ட்டிபிகேட். ஆள் கூடினால் தொழிற்சாலைச் சட்டம், எந்த வயசுப் பிள்ளை உள்ளே வரலாம், எம்புட்டு நேரம் வேலை வாங்கலாம் என்று. சட்டமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். பட்டையில் கை சிக்கினவனை என் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆனால் சட்டம் வந்த வேகத்துக்கு வக்கீல்கள் வரவில்லை. என் வக்கீல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயர் போனவர். பாகப்பிரிவினையோ, வரப்புத் தகராறோ, கோயில் மரியாதையோ, அவர் எழுந்து நின்றால் எதிர்க்கட்சிக்கு நாக்கு உலர்ந்துவிடும். இஞ்சினை மட்டும் அவர் ரயிலடியில்தான் பார்த்திருந்தார்.

ஆலைக்கு மேற்கே ஒரு பருத்தித் தரகர் இருந்தார். வீடு வீடாகப் பருத்தி கொடுத்து, பெண்களைக் கொட்டை நீக்கும் கை மணையில் அரைக்க வைத்து வாங்குகிறவர். இஞ்சின் வந்த பிறகு அவரிடம் மணை பிடிக்க ஆள் போகவில்லை. அதைச் சொல்லி வழக்குப் போட முடியுமா? முடியாது. ஆகவே, புகை மூச்சை அடைக்கிறது, ஆலைச் சங்கின் ஊதல் காதைக் கிழிக்கிறது, தெருச் சனங்களுக்கு உபத்திரவம் என்று மாஜிஸ்திரேட்டுக்கு மனு எழுதி, தெருவில் பாதிப் பேரிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கிவிட்டார். உத்தரவு வந்தது. ஆலையை ஊரை விட்டு எடுக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்ல வேண்டும்.

வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். வக்கீல் உத்தரவை ரெண்டு தரம் படித்தார். ஒரு தடித்த புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"ஓய், ஒரு வழி இருக்கு. இந்த உத்தரவு நியாயந்தானான்னு தீர்மானிக்க ஜூரி கேட்கலாம். அஞ்சு பேர். தலைவரையும் இன்னும் ரெண்டு பேரையும் மாஜிஸ்திரேட் போடுவார். பாக்கி ரெண்டு ஆள் நீர் சொல்லலாம்."

இந்த வழியைக் கண்டுபிடித்துச் சொன்னது அவர். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

"உமக்கு ரொம்ப வேண்டியவாளா ரெண்டு பேரைச் சொல்லும்" என்றார்.

முதல் ஆளைச் சொன்னேன். சோழபுரத்தில் கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடுகிற பெரியவர். வக்கீல் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். ரெண்டாவது ஆளைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"துணிக்கடை ராவுத்தரா? அந்த மனுஷன் நடுத்தெருவில் நின்னுண்டு உம்மை வையறது இங்க வரைக்கும் கேக்கறதே!"

நிஜந்தான். ராவுத்தர் கடை ஆலைக்குக் கிழக்கே. கரி பறந்து அவர் விரித்து வைத்த வெள்ளை மல்லுத் துணியில் உட்காரும். தினம் ஒரு துணியை உதறிக்கொண்டே ஆலை வாசலுக்கு வந்துவிடுவார்.

"ஏலே ஆலைக்காரா! ஒன் அடுப்பைக் கொண்டுபோயி மலை மேல வையிலே! நான் வெள்ளைத் துணி விக்கவா, கரித்துணி விக்கவா?"

"கரித்துணின்னே வில்லுங்க ராவுத்தரே. அழுக்கே தெரியாதுன்னு சொல்லி ரெண்டு காசு கூட வாங்கலாம்."

"நாக்கைப் பாரு, நாக்கை! ஒன் புகைக்கூண்டை விட நீளமா இருக்கு."

இப்படி வைகிற வேளையில்தான் ஒருநாள் அவர் வாயிலிருந்து அது வந்தது. "அந்தத் தரகன் எங்கிட்டயும் கையெழுத்துக்கு வந்தாம்லே. ஒன்னைய வைய எனக்கு வாயி இருக்கு, பேனா எதுக்குன்னு அனுப்பிட்டேன்."

அன்றே மனசில் குறித்துக்கொண்டேன். புகை படுகிறவர் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்கள் அம்புட்டுப் பேரும் மேற்கே இருக்கிறவர்கள். பருத்தி வந்து ஆலை ஓடுகிற மாசங்களில் மலையிலிருந்து மேல்காற்று அடிக்கும். புகை கிழக்கேதான் போகும். இதை நான் சொன்னால் எவன் நம்புவான்? என்னை வைகிறவர் வாயிலிருந்து வரவேண்டும்.

வக்கீலிடம் இதைச் சொன்னேன். "அவர் உமக்கு விரோதமா சொல்லிட்டார்னா ஆலை போயிடும் ஓய். பொறவு என்னைச் சொல்லப்படாது" என்றார்.

"போனா எனக்குத்தான போகுது. எழுதுங்க சாமி."

எழுதினார். ஆனால் எழுதும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தன் கையால் என்னைக் கிணற்றில் தள்ளுகிற மாதிரி இருந்தது.

ஜூரி பார்க்க வரும் அன்று காய்ந்த விறகாகப் போடும், இஞ்சினை மெதுவாக ஓட்டும், ஊதலை ஊதவே வேண்டாம் என்றும் வக்கீல் சொல்லி அனுப்பினார். நான் தினம் எரிக்கிற விறகையே எரித்தேன். தினம் ஓடுகிற மாதிரியே ஓட்டினேன். அவர்கள் வாசலில் கால் வைத்த நேரம் வேலைக்கு ஆள் கூப்பிடும் நேரம், ஊதச் சொன்னேன். தலைவராக வந்த பழைய தாசில்தார் அப்படியே ஒரு முழம் துள்ளிவிட்டார்.

ராவுத்தர் அக்குளில் புது மல்லுப் பீஸ் ஒன்றை இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் கண் முன்னாலும் அதை ரெண்டு வேட்டியாகக் கிழித்தார். ஒன்றைத் தரகர் வீட்டு மச்சு மேலும், இன்னொன்றைத் தன் கடை வாசலிலும் விரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சேவகனைக் காவல் வைக்கும்படி தாசில்தாரைக் கேட்டுக்கொண்டார். வக்கீல் என் காதோரம், "முடிஞ்சது ஓய், கறுத்த வேட்டியைக் கொண்டுபோய் மாஜிஸ்திரேட் மேஜையில் போடப்போறார்" என்றார். எனக்கும் பயந்தான். வெளியில் காட்டவில்லை.

வெயில் ஏறிய பிறகு ரெண்டு வேட்டியையும் கொண்டுவந்தார்கள். கடை வாசல் வேட்டி எள் தூவினது போல இருந்தது. தரகர் வீட்டு வேட்டி கிழித்தபடியே வெள்ளையாக இருந்தது.

"ஓய் தரகரே, ஒம்ம மூச்சை அடைச்ச புகை எங்கவே போச்சு?" என்றார் ராவுத்தர்.

"காத்து இன்னைக்குன்னு பாத்து அந்தப் பக்கம் அடிக்கி!" என்று தரகர் குதித்தார்.

சோழபுரத்துப் பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏன், காத்தும் இவர்கிட்டக் கூலி வாங்கிட்டா அடிக்கி?"

"ஐப்பசியில் காற்று திரும்புமே?" என்று தாசில்தார் கேட்டார். நல்ல கேள்வி.

"ஐப்பசியில அரைக்கப் பருத்தி ஏதுங்க? அப்பந்தான விதையே போடுதோம். ஆலை சும்மா கெடக்கும்." பெரியவர் அதோடு விடவில்லை. "ஊதலையும் நிப்பாட்டச் சொல்றாவ. காத்து சும்மா இருந்தா அந்தச் சத்தம் எங்க ஊரு வரைக்கும் கேக்கும். அதைக் கேட்டுத்தான் தண்ணி முறை மாத்துதோம். நிப்பாட்டினா எங்கூர்ல மண்டை உடையும்."

பிறகு ராவுத்தர் பேசினார். ஆலையை எடுக்க வேண்டியதில்லை என்றார். அங்கே வேலை பார்க்கிற பெண்டுகள்தான் தன்னிடம் சேலை எடுக்கிறார்கள் என்றார். "ஆனா புகை நெசம். யாரு மேல படுதோ அவன் சொல்லுதேன். கூண்டை ஒசத்தணும். விடியறதுக்கு முந்தி ஊதப்படாது." ஐந்து பேரும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

போகும்போது ராவுத்தர் கறுத்த வேட்டியை என் மேல் வீசினார். "நீ கெடுத்த துணி. நீயே கட்டிக்கோலே."

கட்டிக்கொண்டேன். மாஜிஸ்திரேட் முடிவு சொன்ன அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக் கச்சேரிக்கு அந்த வேட்டியோடுதான் போய் நின்றேன். சேவகன் உள்ளே விட யோசித்தான். "என்ன வேஷம் ஓய் இது?" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். ஜூரி சொன்னபடியே உத்தரவை மாற்றினார்கள். கூண்டை அவர்கள் கேட்ட உயரத்துக்கு மேலேயே கட்டினேன். ராவுத்தர் அதன் பிறகும் வைதார். காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

வக்கீல் இப்போது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல்கள் தங்கள் மண்டபத்தில் அவருக்குப் படம் திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு இளம் வக்கீல் எழுந்து, மறைந்த பெரியவர் ரெண்டு வேட்டியை விரித்துப் புகை வழக்கை ஜெயித்த சாமர்த்தியத்தை அரைமணி பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, "தம்பி, வேட்டி விரிச்சது அவர் இல்லை" என்றேன். ஆலைக்காரர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று என்னை உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்கள்.

மோர் எனக்கு வேண்டாம். சட்டத்தைப் புஸ்தகத்தில் தேடி எடுத்தது வக்கீல். வேட்டியை விரித்தது துணிக்கடை ராவுத்தர். அந்த ராவுத்தரை, வக்கீல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஜூரியில் உட்கார வைத்தது ஆலைக்காரன். தோற்றிருந்தால் முட்டாள் என்று என் ஒருத்தன் தலையில்தான் விழுந்திருக்கும். ஜெயித்ததும் என் தலையில்தான் விழ வேண்டும். அந்தப் படத்துக்குக் கீழே பலகையில் இடம் நிறையக் கிடக்கிறது. பெயர்கூட வேண்டாம், 'ஜூரிக்கு ஆள் சொன்னது ஆலைக்காரர்' என்று ஒரு வரி எழுதுங்கள். நான் வந்து படித்துப் பார்ப்பேன். அம்புட்டுப் படிப்பு எனக்கு உண்டு.