கண்ணாடிக்காரரின் புதுத் துப்பாக்கி

கண்ணாடிக்காரர் கடைக்கு ஒருநாள் வயதான அம்மா ஒருவர் கண் சோதிக்க வந்தார். சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. "மேல் வரியைப் படிங்கம்மா" என்றதும் அந்த அம்மா கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். கண்ணாடிக்காரர் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். "அடடா, இந்தப் பக்கம் அழுக்கா இருக்கு, உங்களுக்குச் சரியாத் தெரியாது" என்று பலகையைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கான படங்கள் இருந்தன. வீடு, மீன், குடை, பூனை. அந்த அம்மா கணீரென்று கடைசிப் பூனை வரைக்கும் சொல்லிவிட்டார்.

ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரர், உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஈரத்துணியோடு எழுந்து பலகையைத் துடைக்கப் போனார். எழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்தது.

"எங்கண்ணே அழுக்கு?"

"போயிடுச்சு, உக்காரு" என்றார் கண்ணாடிக்காரர்.

தையல்காரருக்கு விஷயம் புரிய ஒரு வாரம் பிடித்தது. புரிந்த பிறகும் இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆண்டவர் பார்த்திருப்பார், அது போதும் என்று விட்டுவிட்டார்.

அது வாளிச் சண்டைக்கு முந்தின காலம். இருவரும் சகலைகள். அக்காவைக் கண்ணாடிக்காரர் கட்டியிருந்தார், தங்கையைத் தையல்காரர் கட்டியிருந்தார். அக்கா வீட்டிலிருந்து இரவல் போன ஸ்டீல் வாளி ஒன்று நசுங்கித் திரும்பி வந்தது. போகும்போதே நசுங்கித்தான் இருந்தது என்பது தங்கையின் கட்சி. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. கண்ணாடிக்கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்ததால் கடையும் தடையில் சேர்ந்துவிட்டது. வாளி மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் அக்கா வீட்டில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. மரக்கடைக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கில் துப்பாக்கி சுடும் சங்கம் நடந்தது. இரண்டு குடும்பத்துக்கும் பகை, ஆனால் ஆண்கள் துப்பாக்கியோடு சந்தித்துக்கொள்வதில் இரண்டு மனைவிகளுக்கும் எந்த ஆட்சேபணையும் இல்லை. அக்காவுக்கு அந்த விளையாட்டின் மேல்தான் மரியாதை இல்லை.

"துப்பாக்கியை மணல் மூட்டை மேல படுக்க வச்சுட்டு, நீங்க நாற்காலியில உக்காந்துக்குறீங்க. ரெண்டு பேருக்கும் ஓய்வு. இதுக்குப் பேரு விளையாட்டா?"

"மூச்சை அடக்கணும்ல."

"அதுக்கு வீட்டுலயே இருக்கலாமே. நான் பேசும்போது அதைத்தானே செய்யுறீங்க."

அக்கா சொன்னதில் தப்பில்லை. மேசைமேல் முன்னால் ஒரு மணல் பை, பின்னால் ஒன்று. இரண்டின்மேலும் காற்றுத் துப்பாக்கி தானாகக் கிடக்கும். எதிர்ச் சுவரில் ஆளுக்கொரு அட்டை. அட்டை நிறைய சின்னச் சின்ன வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு குண்டு. உட்கார்ந்து, பார்த்து, விசையைத் தொட்டால் போதும். பார்க்கக் கண் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணில்தான் சங்கடம் வந்தது. ஊருக்கெல்லாம் பார்வை பார்த்தவருக்கு வலது கண்ணின் நடுவில் ஒரு கறை விழுந்தது. பெரிய டாக்டர், இது இனி போகாது என்று சொல்லிவிட்டார். கண்ணாடிக்காரர் வலது தோளில் வைத்துச் சுடுகிறவர். இனி இடது கண், இடது தோள். பழைய துப்பாக்கியின் தோள்கட்டை அதற்கு ஒத்துவரவில்லை. பல மாதம் யோசித்து, எந்தப் பக்கமும் வைத்துச் சுடலாம் என்ற மாதிரி புதியது ஒன்று வாங்கினார்.

சோதித்துப் பார்க்கிற ஞாயிறு அன்று தையல்காரர்தான் பம்பு வைத்து அதற்குக் காற்றடித்தார். துப்பாக்கி நிரம்புவதற்குள் இவர் காலியாகிவிட்டார்.

"அண்ணே, இதுக்கு ஒரு லாரி டயரே பரவாயில்லை."

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் தடவிக்கொண்டே, "சகலை, இன்னிக்கு ஒரு அட்டை முழுக்கச் சுடப் போறேன். சரியா விழலைன்னா இதோட நிறுத்திக்குறேன். ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறந்து வச்சா நாலு பேருக்கு உபயோகம்" என்றார்.

தையல்காரர் பம்பைக் கீழே வைத்தார். அண்ணன் நிறுத்தினால் ஞாயிறும் போச்சு. வீட்டுக்கும் போக முடியாது, கடைக்கும் போக முடியாது. ஒரே ஊரில் இருந்துகொண்டு கல்யாணத்திலும் சாவிலும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தன் அட்டையைப் பக்கத்தில் மாட்டியிருந்தவர், அதில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் குழாயை அண்ணன் அட்டைக்கு நேராகத் திருப்பி வைத்து, மனதுக்குள் ஒரு ஜெபமும் சொல்லிக்கொண்டார்.

கண்ணாடிக்காரருக்கு இடது முழங்கைக்கு இடம் போதவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டார், மணல் பைகளைத் திருப்பி வைத்தார், குனிந்தார். டப்.

தையல்காரர் குழாயில் பார்த்தார். அட்டையில் ஓட்டை இல்லை.

"எப்படி?" என்றார் கண்ணாடிக்காரர், கண்ணை எடுக்காமல்.

"ம்... நல்லா இருக்குண்ணே."

மறுபடி டப். மறுபடியும் அட்டை புதுச்சட்டை போல இருந்தது. சத்தம் வருகிறது, ஓட்டை வரவில்லை. சுவரில்தான் போய் விழுகிறது என்று தையல்காரர் முடிவுக்கு வந்தார்.

"இப்போ?"

"அருமை."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. நடுவுலயே விழுது, பாத்தியா?"

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றுமே இல்லாத அட்டையில் இவருக்கு ஓட்டை தெரிகிறதே! அப்படியானால் இடது கண்ணும் போய்விட்டதா? கடவுளே, துப்பாக்கி போனால் போகட்டும், மனிதருக்கு வெளிச்சத்தை விட்டுவை என்று வேண்டிக்கொண்டார். வெளியே மட்டும், "பிரமாதம்ணே, அப்படியே போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் கடைசி வட்டம் வரைக்கும் போய், நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்தார். அவர் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு தெளிவு.

சங்கத்துச் செயலாளர் சுவருக்குப் போனார். அவர் பல் டாக்டர், யாரையும் அவ்வளவாகப் பேச விடாதவர். கண்ணாடிக்காரரின் அட்டையைக் கழற்றி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு பக்கத்து அட்டையைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"தையல்காரரே, நீங்க எப்போ சுட்டீங்க?"

"நான் எங்க சார் சுட்டேன்? நான் துப்பாக்கியையே தொடலையே."

செயலாளர் தூக்கிக் காட்டினார். வட்டத்துக்கு வட்டம் நடுப்பொட்டில் ஓட்டை. விளிம்பைத் தொட்டது ரொம்பக் கொஞ்சம். நாற்காலி நகர்ந்ததில் கண்ணாடிக்காரரின் இடது கண், அடுத்தவர் அட்டையைத் தன்னுடையது என்று நினைத்து, முதல் வட்டத்திலிருந்து கடைசி வட்டம் வரைக்கும் ஒழுங்காக முடித்துக் கொடுத்திருந்தது.

"அடுத்தவங்க அட்டையில சுட்டா பூஜ்யம்" என்றார் செயலாளர். "சட்டம்னா சட்டம்."

"பூஜ்யமா!" என்று தையல்காரர் எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பூஜ்யம்தான்! அண்ணே, பூஜ்யம் வாங்கிட்டீங்க!"

சுற்றி இருந்தவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் அட்டையை வாங்கி இடது கண்ணுக்குக் கிட்டே வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"அப்போ இவ்வளவு நேரம் அருமை அருமைன்னியே, எதைப் பாத்து?"

"உங்க அட்டையைப் பாத்துண்ணே."

"அதுல ஒண்ணுமே இல்லையே."

"இல்லைதான்."

"உன்கிட்ட துணி தைக்கக் குடுக்கிறவங்க பாவம்" என்றார் கண்ணாடிக்காரர். பிறகு துப்பாக்கியை உறையில் போட்டு, அடுத்த வாரத்துக்கு அதே மேசை வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லி வைத்தார்.

அதற்குப் பிறகு இருவரும் வெகு காலம் சுட்டார்கள். நல்ல நாளும் இருந்தது, மணல் பை கிழிந்த நாளும் இருந்தது. அக்காவும் தங்கையும் கடைசிவரை வாளியிலிருந்து இறங்கி வரவில்லை.

கண்ணாடிக்காரர் ஒரு புதன்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் போகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதற்கு முந்தின ஞாயிறு கிடங்கு வாசலில்தான் தையல்காரர் அவரைக் கடைசியாகப் பார்த்தார். வானம் மூடிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்காரர் துப்பாக்கி உறையைச் சைக்கிளில் கட்டி முடித்து, வானத்தையும் கிடங்கின் பழைய தகரக் கூரையையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த வாரம் மழைன்னு வராம இருந்துடாத. கூரை ஒழுகினா என் பக்கமா நகந்து உக்காந்துக்க."