மாம்பழத் தோல் தின்ற ஆடுகள்

வல்லாரை என்று சொன்னாலே போதும், எல்லோருக்கும் ஒரு ஆலோசனை வந்துவிடும். ஓசூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்துக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், என் சொந்த அண்ணி, யாரும் விதிவிலக்கில்லை. "அதான் அந்தக் காலத்துலயே தெரியுமே, இதுல நீ என்னத்தப் புதுசா கண்டுபிடிக்கப் போற?" என்பார்கள். பரீட்சைக்கு முன்னால் வல்லாரைத் துவையல் சாப்பிட்டவர்கள் எல்லோரும் முதல் மார்க் வாங்கியிருந்தால் எனக்கு இந்த வேலையே இருந்திருக்காது. என் கேள்வி வேறு. அந்த இலைக்குள் இருக்கும் எந்தப் பொருள், எந்த அளவில், சாகத் தொடங்கிய மூளைச் செல்லைக் காப்பாற்றும்? முதலில், காப்பாற்றுமா? இதைத்தான் யாரும் காதில் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

நான் கால்நடை மருத்துவம் படித்து மருந்தியலுக்குப் போனவள். தொழிற்பேட்டையில் ஆடு மாடுகளுக்கு மருந்து தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் எனக்கு ஒரு ஆய்வகம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் பிரேக் பாகங்கள் செய்யும் பட்டறை, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி. பட்டறையில் பிரஸ் ஓடினால் என் தராசில் கடைசி எண் நிற்காமல் ஆடும். அவர்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து நான் எடை போடுவேன். வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த பொருள், கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களை அருமையாகக் காப்பாற்றியது. எலிகளுக்குக் கொடுத்தபோது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. தட்டில் நடப்பது உடம்பில் நடக்காமல் போவது என் துறையில் அன்றாடச் சங்கதி. எங்கள் மேனேஜருக்கு மட்டும் அது துக்கச் செய்தி.

அப்போதுதான் மாம்பழ சீசன் வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஃபேக்டரிகளின் பின்புறம் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். டிராக்டர் வைத்திருப்பவர்கள் அள்ளிக்கொண்டு போய் ஆடு மாடுகளுக்குப் போடுவார்கள். கொஞ்சம் போட்டால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் டிராக்டர் நிறைய வந்து இறங்கியதை அளந்து போட யாருக்குக் கை வரும்? அந்த வருஷம் பக்ரீத்தும் சீசனோடு சேர்ந்துகொண்டது. குருபரப்பள்ளியில் ஹைவேயை ஒட்டிக் கொட்டகை போட்டு ஆட்டு வியாபாரம் செய்யும் ஒரு பாய், பண்டிகைக்குள் ஆடுகளைக் கொழுக்க வைக்க நினைத்து, புல்லை அடியோடு நிறுத்திவிட்டு வெறும் தோலாகவே கொட்டியிருக்கிறார். எங்கள் குடற்புழு மருந்து பாட்டிலில் இருந்த எண்ணுக்கு அவர் போன் செய்தார்.

மேனேஜர் என் மேஜைக்கு ஓடி வந்தார். "மேடம், ஆடுங்க வானத்தப் பாத்துக்கிட்டே நிக்குதாம், கண்ணு தெரியலையாம். மூளை கேஸ்தானே? நம்ம வல்லாரைக்கு நல்ல சான்ஸ். பாதி ஆட்டுக்கு வல்லாரை மட்டும், பாதிக்கு வழக்கமான ஊசி மட்டும். சூப்பர் ட்ரையல்!"

பாயிடம் போனில் விசாரித்தவுடனே எனக்கு நோய் புரிந்துவிட்டது. புளித்த தோலை அளவுக்கு மீறித் தின்றால் ஆட்டின் வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிகள் கெட்டுப்போகும். அவை உண்டாக்கித் தரும் பி-ஒன் வைட்டமின் நின்றுவிடும். அது இல்லாமல் மூளை வீங்கும், பார்வை போகும். சீக்கிரம் பி-ஒன் ஊசி போட்டால் ஆடு பிழைக்கும், தாமதித்தால் பிழைக்காது. எந்தக் கால்நடை டாக்டருக்கும் தெரிந்த விஷயம் இது.

"பாதி ஆட்டக் குருடாக்கித்தான் உங்களுக்கு ட்ரையல் வேணும்னா வேற டாக்டரப் பாருங்க சார்" என்றேன். கடைசியில் என் வழிக்கு வந்தார். எல்லா ஆட்டுக்கும் ஊசி. பாய் சம்மதித்தால், பாதி ஆடுகளுக்கு மட்டும் கூடுதலாக வல்லாரைச் சாறு.

கொட்டகைக்குள் நுழைந்ததும் கள்ளுக்கடை மாதிரி ஒரு புளிப்பு வாடை. சில ஆடுகள் தலையைப் பின்னால் வளைத்து மேலே பார்த்தபடி நின்றன. ஒரு கிடா சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி அசையவே இல்லை. பாய் அதன் முதுகைத் தடவிக்கொண்டே, "டாக்டரம்மா, கண்ணு தெரியாத ஆட்ட குர்பானி குடுக்கக் கூடாதுங்க. எல்லாரும் முன்கூட்டியே பாத்துப் புடிச்சு வெச்ச ஆடுங்க. நான் அவங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" என்றார்.

தோல் முழுவதையும் அப்புறப்படுத்தச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஊசி போட்டேன். சாறு கொடுத்த ஆடுகளின் கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டினேன். மறுநாளே சில ஆடுகள் நீட்டிய தழையைக் கண்டு திரும்பின. அடுத்தடுத்த நாட்களில் பெரும்பாலானவை தேறிவிட்டன. ரிப்பன் கட்டியதும் தேறியது, கட்டாததும் தேறியது. நோய் முற்றிப்போன ஒன்றிரண்டு ஆடுகள் இரு பக்கத்திலும் செத்தன. சாற்றால் கடுகளவு வித்தியாசமும் இல்லை. எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்? அந்த இலையோடு என் வயசில் பாதியைக் கழித்திருக்கிறேன். ஆனாலும் பதில் பதில்தான்.

மேனேஜர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் கொட்டகைக்குப் போய் வீடியோ எடுத்துவிட்டார். பச்சை ரிப்பன் கட்டிய கிடாவை அணைத்துக்கொண்டு பாய் சிரிக்கிறார். "அந்தப் பச்ச மருந்து குடுத்தாங்க, கண்ணு தொறந்துச்சு" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஊசி ஒரு நொடியில் முடிந்துவிட்டது. பச்சைச் சாற்றை அவரே தினமும் கையால் புகட்டினார். கண்ணால் பார்த்ததைச் சொன்னார். வீடியோ வாட்ஸ்அப்பில் பறந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் லேபிள் ஒட்டிய சாற்றுப் பாட்டில்கள் மாநில எல்லை தாண்டிப் போயின.

"ஊசிய எங்க சார் காணோம் இந்த வீடியோவுல?" என்று சண்டை போட்டேன்.

"இலைதானே மேடம், யாரக் கொல்லப் போவுது?" என்றார்.

அதற்கான பதில் நாகரசம்பட்டியிலிருந்து வந்தது. மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயி போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு ஆடுகள் களத்துமேட்டில் பக்கவாட்டில் விழுந்து, காற்றில் ஓடுவதுபோல் கால்களை உதைத்துக்கொண்டிருந்தன. அதே தோல், அதே நோய். பைக்குள்ளிருந்து ஊசியை எடுத்தேன். போட்டேன். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தேதான் போட்டேன்.

"எத்தன நாளா இப்பிடி இருக்குதுங்க? ஏன் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவல?"

அவர் மனைவி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். "இதத்தான் காலையும் சாயங்காலமும் ஊத்துனோம்மா. வீடியோவுல கண்ணு தொறந்துக்கிச்சே. எங்குளுதுக்கு ஒண்ணியும் ஆவலையே." அந்தம்மா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ புகட்டியதில் தப்பு நடந்துவிட்டதோ என்று என்னிடம் கேட்டார்.

அடுத்து வந்தது ஏஜெண்டுகள் கூட்டம். ஓசூரில் ஒரு ஹோட்டல் ஹால். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஆனேக்கல், குப்பம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். மேனேஜர் வீடியோவைத் திரையில் போட்டார். ஆட்டு மூளைக்கு வேலை செய்தது மனுஷ மூளைக்கும் செய்யும், வயதானவர்களின் மறதிக்கு சிரப்பாக அடுத்து வரப்போகிறது என்று அறிவித்தார். பிறகு, "இதக் கண்டுபிடிச்ச மேடமே பேசுவாங்க" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

"இந்தச் சாறு ஒரு ஆட்டையும் எழுப்பல" என்றேன். "எழுப்பினது பி-ஒன் ஊசியும், தோல நிறுத்தினதும். சாறு குடுக்காத ஆடும் அதே மாதிரிதான் எழுந்துச்சு. நாகரசம்பட்டியில இத மட்டும் நம்பி ஆடுங்க செத்துப் போச்சு."

மேனேஜர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "மேடத்துக்கு எப்பவுமே தன்னடக்கம் ஜாஸ்தி!" நாலு பேர் கைதட்டவும் செய்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! மைக்கைப் பிடுங்கினேன். "தன்னடக்கம் இல்ல, எனக்குத் திமிர் ஜாஸ்தி. அந்தத் திமிர்லதான் சொல்றேன். இந்த இலையப் பத்தி இங்க என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. மறதிக்கு இது மருந்துன்னு நான் எங்கயும் சொல்லல, என் பேரப் போட்டு யாரையும் சொல்லவும் விடமாட்டேன். வேலைய விட்டுத் தூக்கினா வெளிய போயும் இதத்தான் சொல்வேன்."

"அப்ப ஸ்டாக்க வாபஸ் எடுத்துக்குவீங்களா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அதன் பிறகு அங்கே ஒரே கூச்சல்.

நான் வெளியே வந்து மாடிப்படிப் பக்கம் நின்றேன். மேனேஜர் பின்னாலேயே வந்தார். "உங்க ஆராய்ச்சிக்கு நீங்களே குழி தோண்டிட்டீங்க மேடம். திங்கக்கிழமை மேல இருந்து கூப்பிடுவாங்க, அங்க வந்து பதில் சொல்லுங்க."

"வரேன் சார்" என்றேன். பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைவிட நாகரசம்பட்டிக் களத்துமேடு எனக்குப் பெரிதாக இருந்தது.

அவர் உள்ளே போனதும், பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். தர்மபுரிப் பக்கத்து ஏஜெண்டு. நரைத்த தலை, சட்டைப்பையில் இரண்டு பேனா. கையில் எங்கள் பச்சைப் பாட்டில், பாதி காலி.

"என் சம்சாரத்துக்கு மறதிங்கம்மா. பால அடுப்புல வெச்சிட்டு மறந்துடறா. போன மாசம் என்னயே யாருன்னு கேட்டா." பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இலைதானேன்னு தினம் ஒரு மூடி குடுக்கறேன். கொஞ்சம் தேவலைன்னுதான் எனக்குத் தோணுது."

"நிறுத்திடுங்க ஐயா. இது ஆடு மாட்டுக்கான அளவு. மனுஷங்க உடம்புக்கு என்ன செய்யும்னு யாரும் பாக்கல. நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"போயிட்டு வந்தாச்சும்மா. மாத்திர குடுத்தாங்க. போனது திரும்பாதுன்னுட்டாங்க. வேற எதுவும் இல்லியா?"

"போனதத் திருப்பிக் கொண்டுவர்ற மருந்து இன்னும் இல்லீங்க. தேடிட்டுதான் இருக்கோம்."

அவர் பாட்டில் மூடியை இறுக்கித் திருகினார். "நீங்க ஒரு பொய் சொல்லியிருக்கலாம்மா" என்றார். "நம்பிக்கிட்டுப் போயிருப்பேன்."

அவ்வளவு நேரம் மைக்கில் கத்தியவளுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பெரும்பாடாக இருந்தது.

"மாட்டேங்க" என்றேன்.

அவர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.