கருகிய கப்ளருக்கு ஒரு ஜோடி

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு ஆத்தூரில் சேலம் பேருந்து ஏறினேன். ஐம்பத்து மூன்று கிலோமீட்டர், நாற்பது ரூபாய் டிக்கெட். கையில் ஒரு டிபன் டப்பா. உள்ளே சாப்பாடு இல்லை. தீப்பெட்டி அளவில் கருகிப்போன பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருந்தது. மெக்கானிக்குகள் இதைக் கப்ளர் என்கிறார்கள். ஒயரும் ஒயரும் சேருமிடத்தில் இரண்டு பாதிகளாக இருக்கும். ஒன்றை மற்றதற்குள் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். என் காரின் பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் கப்ளரில் ஒரு பாதி உருகிவிட்டது. பத்து நாளாகக் கார் கொட்டகையில் நிற்கிறது.

சிறுவயதிலேயே போலியோவில் என் வலது கால் போனது. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கைக்கு மாற்றி அமைத்த பழைய கார் அது. வாழப்பாடிக்கு உள்ளே தள்ளி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பத்து நாளாக அண்ணன்தான் தன் காரில் கொண்டுபோய் விடுகிறார். அவர் சொல்லும் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். மாலையில் அவருக்கு வேலை முடியும்வரை பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அந்த மாடலையே கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஒருத்தர் வந்து காரைப் பார்த்துட்டு வெலைக்கு எடுத்துக்குவாரு. நான்தான் இருக்கேனே, அப்புறம் என்ன?" என்றார் அண்ணன். சொன்னதில் பாசம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வந்தது.

பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மா என் ஊன்றுகோலைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று கேட்டார். "இல்லம்மா, காருக்கு ஒரு சாமான் வாங்கப் போறேன்" என்றேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டு மணிக்குச் சேலம். உதிரிபாகக் கடைகள் திறக்க ஒன்பதரை ஆயிற்று. முதல் கடையில் காரின் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். தனியாகக் கிடைக்காது, மொத்த ஒயரிங்கையும் ஆர்டர் போடலாம், வந்தாலும் வரும் என்றார்கள். இரண்டாவது கடையில் பன்னிரண்டு டிராயர்களை இழுத்துப் போட்டுத் தேடினார்கள். அந்த உழைப்புக்காகவே எதையாவது வாங்கிக்கொண்டு வரலாம் போலிருந்தது. மூன்றாவது கடைக்காரர் சாயலில் ஒத்துப்போகிற ஒன்றை எடுத்தார். துளைகள் சற்றுப் பெரியவை. லூசாக இருந்தால் மறுபடி சூடேறும் என்று அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டற பட்டறைல கேட்டுப் பாருங்க மேடம். அங்க கப்ளரெல்லாம் மால மாலயாத் தொங்கும்" என்றார்.

பதினொன்று நாற்பதுக்கு நாமக்கல் பேருந்து. மல்லூர் தாண்டியதும் வெயில் ஜன்னல் வழியாக மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. புதுச்சத்திரம் அருகே ஒரு புது லாரி எங்களை முந்தியது. லாரி என்றா சொல்வது, பாடி கட்டப் போகும் வெறும் சேஸ்தான், சக்கரத்தின்மேல் இன்ஜினும் இரும்புச் சட்டமும். கேபின் இல்லை, கதவு இல்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் திறந்தவெளியில் உட்கார்ந்து ஓட்டிப் போனார். நான்கு கதவும் கூரையும் இருந்தும் என் கார் கொட்டகையில் நிற்கிறதே, இது ஓடுகிறதே என்று பொறாமையாக இருந்தது.

நாமக்கல்லில் இறங்கும்போது ஒரு மணி. ஆட்டோக்காரர், "எந்தப் பட்டறைங்க?" என்றார். "கப்ளர் மாலை தொங்கற பட்டறை" என்றேன். அவர் சிரிக்காமல் கொண்டுபோய் விட்டார்.

உண்மையிலேயே தொங்கியது. ஒயரிங் வேலை பார்க்கும் செந்தில் என்பவரின் தலைக்கு மேலே, கம்பியில் கோத்து, கறுப்பும் சாம்பலுமாக நூற்றுக்கணக்கில். காரின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"பேரெல்லாம் வேண்டாங்க்கா, கப்ளரக் குடுங்க." வாங்கித் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "இதோட ஜோடி எங்கீங்க?"

"கார்ல இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு."

"அட ஏனுங்க்கா, ஜோடி இல்லாம லாக் உழுகுதான்னு எப்பிடீங்க பாக்கறது?"

நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். மற்ற பாதி ஆத்தூரில் சுகமாக இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு இரண்டு பாதி சேர்ந்தால்தான் ஒன்று என்று தோன்றவில்லை. அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. கார் வாங்க நாளை வரும் ஆளையும், கையாலேயே பிரேக் போட்டு ஓட்டும் வண்டியையும், பள்ளி வாசல் காத்திருப்பையும் முன்பின் தெரியாத மனிதரிடம் கொட்டித் தீர்த்தேன்.

கேட்டு முடித்தவர் மாலையிலிருந்து ஒரு ஜோடியை உருவினார். "புது சேஸு வந்தா எங்க லைட்டுக்குத் தக்கன ஒயரிங் பண்ணுவோமுங்க. கம்பெனி கப்ளர வெட்டி இப்பிடிக் கோத்து வெச்சுருவோம். ஒயரும் நல்ல தடிமனுங்க. ரெண்டு பக்கமும் இதையே போட்டுக்குங்க."

"ரெண்டு பக்கமுமா? நல்லா இருக்கறதையும் வெட்டறதா?"

"வெந்துபோனதுக்குப் பொருத்தம் பாத்துட்டு ஏனுங்க அலையறீங்க? புது ஜோடியாப் போட்டா வேல முடிஞ்சுது."

"ஆனா இது என் காரோட கம்பெனி சாமான் இல்லையே" என்று இழுத்தேன்.

"பிரேக்கு கையில வெச்சிருக்கேன்னீங்களே," என்றார் செந்தில். "அத கம்பெனிக்காரனா வெச்சுக் குடுத்தான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கு வருடம் கையால் பிரேக் போட்டவள், ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டு காலையிலிருந்து அலைந்திருக்கிறேன்.

நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். "ஒவ்வொரு ஒயரா வெட்டிச் சேக்கச் சொல்லுங்க. மொத்தமா வெட்டுனா எது எதுன்னு தெரியாதுங்க. போயிட்டு வாங்க்கா."

திரும்பும்போது ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வழியாக வந்தேன். வழியெல்லாம் அந்த ஜோடியைப் பூட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம். முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை.

ஞாயிறு காலை எங்கள் ஊர் மெக்கானிக் மணி ஒவ்வொரு ஒயராக வெட்டிச் சேர்த்தார். சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியில் பம்ப் முனகியது. பத்து நாளாக நான் கேட்க ஏங்கிய சத்தம் அது.

அன்று மாலை ஐந்து மணிக்கு அண்ணனிடமிருந்து போன். வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன். "கார் பாக்க அவரு வந்து நிக்கறாரு, கொட்டகையே காலியா கெடக்கு. எங்க இருக்கே?"

"வாழப்பாடி தாண்டிட்டேண்ணா."

"ஞாயித்துக்கெழம அங்க என்ன வேல?"

"வேல ஒண்ணும் இல்லண்ணா," என்றேன். "சும்மா வந்தேன்."