மச்சாள் பேசும் பாட்டு

பாரிஸின் லா சப்பலில் கலியாணமோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ எது நடந்தாலும் 'வீடியோ' இராஜதுரையின் கமரா அங்கே நிற்கும். ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு சின்னக் கடை. முன்பக்கம் பாஸ்போர்ட் படம் பிடிப்பார், பின்பக்கம் இருந்து வீடியோ வெட்டி ஒட்டுவார். மனிதர் தங்கமானவர், ஒரேயொரு வியாதியைத் தவிர. விழாவில் உண்மையாகக் கேட்ட சத்தம் எதையும் அவர் வீடியோவில் விடமாட்டார். ஐயரின் மந்திரம், பிள்ளைகளின் கத்தல், மாமிமாரின் குசுகுசுப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார். மணப்பெண் ஓவென்று அழும் இடத்திலும் டூயட்தான் ஓடும். சனமும் அதைத்தான் விரும்பிக் கேட்டது, பிறகு அவரை மட்டும் குறை சொல்லி என்ன?

வியாதி தொடங்கியது அவருடைய சொந்தக் கலியாணத்தில். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தொட்டியில் கழுவியவர் கானா நாட்டுக் கோஜோ மென்சிமா. அக்ராவில் ஹைலைஃப் பாடகர், கிதாரும் ட்ரம்பெட்டும் சேர்ந்து இடுப்பைச் சும்மா இருக்கவிடாத அந்த இசையில் இசைத்தட்டு வெளியிட்டவர். பாரிஸில் விசா இல்லாதவர். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை, ஆனாலும் நட்புக்கு அது தாராளமாகப் போதும்.

கலியாணத்துக்குக் கோஜோ கிதாரோடு வந்தார். அக்ராவில் அப்போதுதான் அவருக்கு அபீனா என்று ஒரு மகள் பிறந்திருந்தாள். போய்ப் பார்க்க வழியில்லை. அவளுக்காகக் கட்டிய பாட்டை மண்டபத்தில் நின்று பாடினார். நண்பன் கிங்ஸ்டன் அதைப் படம்பிடித்தான். இரவல் கருவியில் உட்கார்ந்து வீடியோவை வெட்டிய புதுமாப்பிள்ளை இராஜதுரை, 'ஆருக்கு விளங்கப்போகுது' என்று அந்தப் பாட்டின் மேலே ஒரு சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். சினிமாப் பாட்டு குட்டை, கோஜோவின் பாட்டு நீளம். மிஞ்சிய துண்டை வெட்டி எறிந்தார். எறிந்த துண்டில்தான் மணப்பெண் கோசலையின் தமக்கை சாம்பவி நின்றிருந்தாள்.

கலியாண வீடியோவில் சொந்த அக்காவைக் காணவில்லை என்றால் சும்மா விடுவார்களா? சாம்பவி வந்து வெட்டாத மூலக் கசெட்டைப் பறித்துக்கொண்டு போனாள். போட்டுப் பார்த்தாள். கிங்ஸ்டன் அவளை அழகாகத்தான் பிடித்திருந்தான். ஆக, வெட்டியது மாப்பிள்ளை! அன்றோடு அவள் இராஜதுரையுடன் பேச்சை நிறுத்தினாள். தங்கையோடு தினமும் போன் கதை உண்டு, தங்கை புருஷன் போனை எடுத்தால் மட்டும் வைத்துவிடுவாள்.

காலம் ஓடியது. கோஜோ தலை நரைத்து, பேரப்பிள்ளை கண்டு, இன்னமும் மாலை வேளைகளில் கடைக்கு வந்து "சாப்பிட்டியோ?" என்று தமிழில் விசாரித்துக்கொண்டிருந்தார். போன வசந்தத்தில் அவரோடு மரியான் என்ற பெண்ணும் வந்தாள். ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனிக்காரி. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கோஜோ வாழ்நாள் முழுக்கப் பாடிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தொகுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கிடைத்துவிட்டன, அபீனாவின் பாட்டைத் தவிர. அது இசைத்தட்டில் ஏறவேயில்லை. கோஜோவுக்கு முதல் அடிக்கு மேல் ஞாபகமில்லை. இப்போது பாரிஸிலேயே இருக்கும் அபீனாவோ, "ஊருக்கெல்லாம் பாடியிருக்கிறாய், என்னுடையது எங்கே?" என்று தகப்பனை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இராஜதுரை உற்சாகமாகத் தன் கலியாண வீடியோவை ஓடவிட்டார். திரையில் இளம் கோஜோ கண்ணை மூடி வாயைத் திறந்தார். வெளியே வந்ததோ சினிமாக் காதலனின் குரல். கோஜோ மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர், ஞாபகமிருந்த முதல் அடியை மட்டும் முணுமுணுத்து நிறுத்தினார். அதுதான் இராஜதுரைக்குத் தாங்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கோசலை கேட்டாள்.

"வெட்டாத கசெட் அக்காட்டை இருக்கல்லோ?"

"நீர் வேண்டித் தாருமன்."

"நான் ஏன் வேண்ட? வெட்டினது நீங்கள். நீங்களே போங்கோ."

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி பலகாரத்தோடு சாம்பவி இருக்கும் திரான்சிக்குப் போனார். கதவைத் திறந்த சாம்பவி அவரையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள்.

"ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை மச்சாள். கலியாணக் கசெட்..."

"மிச்சத்தையும் வெட்டப் போறீரோ?"

கோஜோவின் கதையை வாசலில் நின்றபடியே சொன்னார். அபீனாவின் பெயர் வந்ததும் சாம்பவியின் முகம் இளகியது. அவளுக்கும் பெண்பிள்ளைகள்தான். உள்ளே போய், சேலைகளுக்கு அடியிலிருந்து கசெட்டை எடுத்து வந்தாள். ஆனால் கையில் கொடுக்கவில்லை, கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினாள்.

"உம்மை நம்பி உதைத் தரமாட்டன். நானும் வாறன்."

ரயிலில் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கடையில் கோஜோவும் மரியானும் காத்திருந்தார்கள். கசெட் ஓடியது. கிதார் எழுந்தது, அதன் மேல் கோஜோவின் இளம் குரல் ஏறி நடந்தது. கிழவர் கோஜோவின் உதடுகள் மறந்த அடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. அப்போது கமராவுக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கணீரென்று வந்தது.

"சோறு குழைஞ்சுபோச்சு. சாம்பாரிலை உப்பைக் காணேல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தரும் கவனிக்கினமில்லை..."

எல்லோரும் சாம்பவியைப் பார்த்தார்கள். பாட்டு முக்கால்வாசியும் அவள் முறைப்பாடு. கடைசியில் மட்டும் குரல் தணிந்தது. "பொறடி, கதையாதை. அந்தாள் வடிவாப் பாடுது." அதற்குப் பிறகு பாட்டு மட்டும்தான், படத்தில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் சாம்பவியும்.

மரியான் பிரெஞ்சில் சமாதானம் சொன்னாள். கவலை வேண்டாம், இப்போது கணினியில் வசதி இருக்கிறது, அந்த அம்மாவின் குரலைச் சுத்தமாக எடுத்துவிடலாம். பிரான்சுக்கு வந்து அரை ஆயுள் ஆன சாம்பவிக்கு அது நன்றாகவே விளங்கியது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இராஜதுரையைப் பார்த்தாள்.

வாழ்க்கை முழுக்க வெட்டிப் பிழைத்த மனிதர் எழுந்து நின்றார். "வேண்டாம். வெட்டவேண்டாம்" என்றார் பிரெஞ்சில். மரியான் விளங்காமல் கோஜோவைப் பார்த்தாள். கோஜோ, பாட்டுக்கு நடுவில் சாம்பவி என்னதான் சொல்கிறாள் என்று கேட்டார். இராஜதுரை சோற்றிலிருந்து கடைசி வார்த்தைவரை ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தார். கோஜோ குலுங்கிச் சிரித்தார்.

"எங்கள் ஊர்க் கலியாணத்திலும் இப்படித்தான். சாப்பாட்டைத் திட்டுகிறவளை ஒரு பாடகன் வாய்மூட வைத்தால் அதைவிட என்ன பரிசு வேண்டும்? இந்த அம்மா பாட்டிலேயே இருக்கட்டும்."

இலையுதிர் காலத்தில் பெட்டி வெளிவந்தது. அபீனா தன் பாட்டைக் கேட்டு அழுது, 'சோறு' வரும் இடத்தில் சிரித்தாளாம். சாம்பவிக்கும் ஒரு பெட்டியை இராஜதுரை அனுப்பினார். கூட வந்த சின்னப் புத்தகத்தில், அபீனாவின் பாட்டுக்குக் கீழே, பாடியவர் கோஜோ மென்சிமா, உடன் குரல் சாம்பவி, திரான்சி என்று அச்சாகியிருந்தது.

அன்று மாலை வீட்டில் போன் அடித்தது. இராஜதுரைதான் எடுத்தார். மறுமுனை வைக்கவில்லை.

"துரை, பேர் போட்ட எழுத்துக் கொஞ்சம் சின்னனாப் போச்சு" என்றாள் சாம்பவி. "சரி, அதை விடும். சாப்பிட்டீரோ?"