குடை வீரனும் காளிகாட் ஹெட்மிஸ்ட்ரஸும்

போன சனிக்கிழமை, காலைக் காட்சியில், ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. விரல் தானாக வாய்க்குப் போய்விட்டது!

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். காகிதக் குடையால் சண்டை போடும் ஒரு வீரன், அவன் தோளில் பேசும் தவளை – ஜப்பான்காரர்களின் பழைய கார்ட்டூன். அது தமிழ் பேசி டிவியில் வந்த காலத்தில் நான் ஓசூரில் ஒரு லாரி ஆபீஸில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். படுக்கையும் அங்கேயே, தார்ப்பாய் மேல். சாயங்காலம் கார்ட்டூன் முடியாமல் எந்த டிரைவரும் சாவியைத் தொட மாட்டார். கிருதா மீசை ஆட்கள்… தவளைக்கு அடிபட்டால் உச்சுக் கொட்டுவார்கள்!

இப்போது அதையே நிஜ மனிதர்களை வைத்துப் படமாக்கிவிட்டார்கள். நான் இப்போது பிழைக்கிற வங்காளத்தில், கரியாஹாட் பக்கம் ஓடுகிறது என்று சொன்னது ஆனந்தி. பாளையங்கோட்டைப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. டாக்குரியாவில் என் அறைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள்.

“அண்ணாச்சி, படத்துக்கு வாரியளா? சௌமிக்கோட அம்மாவும் வாராங்க.”

சௌமிக் அவளோடு வேலை பார்க்கும் வங்காளிப் பையன். மூன்று வருஷக் காதல். அவன் அம்மா காளிகாட்காரர், ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். ஆனந்தியை முதல்முறையாகப் பார்க்க வருகிறார். அவர் தலையசைத்தால் கல்யாணம். முகம் சுளித்தால்… சௌமிக் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன்.

“பெண் பார்க்க தியேட்டரா?” என்றேன்.

“வீட்டுல உக்காந்தா கேள்வியா கேட்டுக் கொன்னுருவாங்களாம். படம்னா வாயை மூடிட்டு இருக்கணும்லா! எங்க பக்கத்து ஆளுன்னு நீங்க ஒருத்தராவது வேணும். ஆனா விசிலு கிசிலு அடிச்சிராதீய, சொல்லிட்டேன்.”

சத்தியம் செய்தேன்.

அம்மையார் வந்தார். கஞ்சி போட்ட புடவை, இஸ்திரி போட்ட முகம். ஆனந்தி குனிந்து காலைத் தொட்டாள். “ஹ்ம்” என்றார். அவ்வளவுதான்.

படம் ஜப்பானிய மொழியில். கீழே ஆங்கில வரிகள். ஒரு வரியை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் திரையில் நாலு பேர் செத்திருப்பார்கள். அதனாலென்ன? கதைதான் மனப்பாடமாயிற்றே!

மூங்கில் காடு. மழை. வில்லன் ஆட்கள் ஊரை வளைத்துவிட்டார்கள். இருட்டில் பட்டென்று ஒரு சிவப்புக் குடை விரிகிறது… கார்ட்டூனில் அவனுக்குத் தட்டு மாதிரி கண். இங்கே சாதாரணக் கண்தான், மூக்கில் ஒரு மரு வேறு. தீவிர ரசிகர்கள் இதற்கெல்லாம் சண்டைக்கு வருவார்களாம். வரட்டும். குடையைத் தோளில் சாய்க்கிற அந்தத் திமிர் – அப்படியே, அப்படியே!

அடித்துவிட்டேன். இரண்டு விரல் விசில். நீளமாக.

நம்மூரில் அது ஹீரோவுக்குச் செய்கிற மரியாதை. இங்கேயோ, பாப்கார்னைக்கூடச் சத்தமில்லாமல் மெல்லுகிற கூட்டம்.

“கே ஷிஷ் திலோ?” – யார் விசிலடித்தது? ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்!

எழுந்து நின்றேன். வேறென்ன செய்ய?

“தாதா, போஷுன்!” என்று பின்வரிசை கத்தியது. உட்கார்ந்தேன். ஆனந்தியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

இடைவேளையில் என்னிடம் விசாரணை, இந்தியில்.

“எதுவரைக்கும் படிச்சீங்க?”

“ஆறாவது, திதி.” – இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ஏன் நிறுத்தினீங்க?”

“அப்பா செத்துட்டார். வேலைக்குப் போயிட்டேன்.”

கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தத் தவளை நல்லவனா, கெட்டவனா?” என்றார்.

வாயைத் திறந்தேன். ஆனந்தி என் காலை மிதித்துவிட்டு, அவர்கள் வழக்கப்படி பெரியம்மா முறை வைத்து, தானே சொன்னாள்:

“அதெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாது மாஷிமா. படத்துல பாருங்க.”

“எனக்கே சொல்ல மாட்டியா?”

“மாட்டேன்.”

சௌமிக் கண்ணை மூடிக்கொண்டான். நான் கல்யாணத்துக்கு மனசுக்குள் மாலை போட்டுவிட்டேன் – செத்தவர் படத்துக்குப் போடுகிற மாலை.

கடைசிச் சண்டை. வீரன் அருவியோடு விழுகிறான். கிழிந்த குடை மட்டும் மிதக்கிறது. தவளை கரையில் அழுகிறது. பத்து விநாடி… இருபது… தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தான் பாருங்கள்!

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன். சத்தியமாக நான் இல்லை.

“உலுலுலுலுலு…!”

ஹெட்மிஸ்ட்ரஸ்! பூஜையிலும் கல்யாணத்திலும் வங்காளப் பெண்கள் எழுப்புகிற மங்கல ஒலி. வாய் தானாகப் போட்டுவிட்டது போல. போட்டுவிட்டு அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்தினார்.

அந்த அமைதியில், பக்கத்துச் சீட்டிலிருந்து இன்னொன்று கிளம்பியது. இன்னும் கூர்மையாக, இன்னும் நீளமாக. பாளையங்கோட்டைக் குலவை! தியேட்டர் கைதட்டியது. சௌமிக், போன மானத்தைத் தேடுகிறவன் மாதிரி சீட்டுக்கடியில் குனிந்துகொண்டான்.

அம்மையார் ஆனந்தி பக்கம் முழுசாகத் திரும்பினார். “உனக்கு எப்படி இது வரும்?”

“எங்க ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுல போடுவோம் மாஷிமா. எங்கம்மா ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க.”

“அப்படியா?” புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “எங்க பக்கம் இது போட எட்டுப் பேர் இருக்கோம். கல்யாணத்துக்கு உங்கம்மாவைத் தனியா வர வேண்டாம்னு சொல்லு.”

பாளையங்கோட்டையில் இப்போது ஆள் சேர்ப்பு மும்முரமாக நடக்கிறது!